நோயாளியின் அருகில் யார் இருப்பது?

தொற்றுநோய்ப் பிரிவின் கதவருகே காத்து நிற்கும் உறவினர்களின் மனத்தில் இரண்டு கேள்விகள் உள்ளன. ஒன்றை அவர்கள் உரக்கவே கேட்கிறார்கள்: "என் தகப்பனாரைப் பார்க்க என்னை ஏன் விட மறுக்கிறீர்கள்?" மற்றொன்றைக் கேட்பதற்கு நா எழுவதில்லை. பல நாட்கள் உறக்கமின்றி உடனிருந்து, உடல் தளர்ந்து, வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் நோய் வந்துவிடுமோ என்று அஞ்சும் ஒருவர், "நான் விலகிப் போனால் அது பாவமா?" என்று தமக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறார். இவ்விரண்டு கேள்விகளையும் பற்றிய எங்கள் கருத்தை இவ்விதழில் வெளிப்படையாகக் கூற விரும்புகிறோம்.

அதற்கு நாங்கள் தொடங்கும் இடம் வாசகர்களுக்குத் தொலைவாகத் தோன்றலாம். 16, 17ஆம் நூற்றாண்டுகளின் ஜெர்மானிய நகரங்களைப் பற்றிப் பேசப் போகிறோம். அந்நகரங்களில் பிளேக் என்னும் கொள்ளைநோய் ஏறத்தாழ ஒவ்வொரு தலைமுறையிலும் தலைகாட்டியது. அதற்கு மருந்தும் இல்லை. அதன் காரணத்தை அறிந்தவரும் இல்லை. ஆகவே யார் நோயாளியின் அருகில் இருக்க வேண்டும், யார் விலக வேண்டும் என்பதே அம்மக்கள் முடிவு செய்யக்கூடியதாக எஞ்சியிருந்தது. அதைப் பற்றி அவர்கள் வாதிட்டார்கள், சட்டம் இயற்றினார்கள், தவறும் செய்தார்கள். அவர்களது விடைகளுள் சில இன்றும் எங்களுக்குச் சரியென்றே படுகின்றன. சில நடுங்க வைக்கின்றன.

நோயைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பிளேக்கை உண்டாக்குவது யெர்சினியா பெஸ்டிஸ் என்னும் நுண்ணுயிரி. எலிகளிடம் இருந்து, அவற்றின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சிகளின் கடி வழியாக மனிதரை வந்தடைகிறது. கடுங்காய்ச்சல் வரும், அக்குளிலும் தொடையிடுக்கிலும் கழுத்திலும் நெறிகட்டும். நுரையீரலைத் தாக்கினால் இருமல் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்கும் பரவும். இந்நுண்ணுயிரியை 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். எல்வாங்கன், பிராண்டன்பர்க் போன்ற ஜெர்மானிய ஊர்களின் பழைய புதைகுழிகளில் கிடைத்த பற்களை அண்மைக் காலத்தில் ஆராய்ந்தபோது, இதே நுண்ணுயிரியின் மரபணுச் சுவடுகள் அவற்றில் காணப்பட்டன. இன்று உரிய காலத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் பிளேக் குணமாகக் கூடிய நோய். அக்காலத்தவரோ கெட்ட காற்று என்றனர், கோள்களின் சேர்க்கை என்றனர், தெய்வக் கோபம் என்றனர். ஆனால் நோயாளியின் வீட்டையும் ஆடையையும் படுக்கையையும் நெருங்கியவர்களே மிகுதியாக மாண்டார்கள் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

பிளேக் மருத்துவர் என்றதும் பறவை அலகு போன்ற முகமூடி அணிந்த உருவம் பலருக்கும் நினைவுக்கு வரக்கூடும். அவ்வுருவத்தைப் பரப்பிய புகழ்பெற்ற அச்சுப்படம் ஒன்றை நூரம்பெர்க் நகரத்தைச் சேர்ந்த பவுல் ஃபூர்ஸ்ட் என்பவர் 1656-ஐ ஒட்டி வெளியிட்டார். ரோமாபுரியின் மருத்துவர்களைக் கேலி செய்யும் படம் அது. ஜெர்மானிய நகரங்களில் நோயாளிகளின் அருகில் உண்மையாக இருந்தவர்கள் வேறு மனிதர்கள்: கட்டிகளைக் கீறிக் கட்டுப்போட்ட நாவிதர்கள், கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள், மனைவியர், தாய்மார், வேலைக்காரச் சிறுமிகள். அவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை.

மருத்துவ அறிவுரை அன்று என்னவாக இருந்தது? உல்ம் நகரத்தின் மருத்துவரான ஹைன்ரிஹ் ஷ்டைன்ஹோவல் 1473-இல் கொள்ளைநோயைப் பற்றி ஒரு சிறுநூலை வெளியிட்டார். இலத்தீன் அறியாத பொதுமக்களும் படிக்கும்படி ஜெர்மன் மொழியில் அது அச்சிடப்பட்டது. அத்தகைய நூல்கள் அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் ஏராளமாக வெளிவந்தன. உணவு, உறக்கம், புகையிடுதல், இரத்தம் வடித்தல் என்று பலவற்றை அவை கூறின. அக்கால மருத்துவர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக நம்பியது ஒரு பழைய அறிவுரையை: விரைவாகப் புறப்பட வேண்டும், வெகுதூரம் போக வேண்டும், மெதுவாகத் திரும்ப வேண்டும்.

மருத்துவ நோக்கில் இதில் பிழையில்லை. ஆனால் அதைப் பின்பற்ற யாரால் முடியும்? நாட்டுப்புறத்தில் மாளிகை வைத்திருந்த வணிகரால் முடியும். தறியை விட்டுப் போனால் அன்றாடக் கஞ்சிக்கு வழியில்லாத நெசவாளியால் முடியாது. ஆக்ஸ்பர்க் நெசவாளர்கள் நிறைந்த செல்வ நகரம். 1628-இல் அங்கு ஏறத்தாழ 9,000 பேர் பிளேக்கினால் இறந்தனர். அதன்பின் போரும் முற்றுகையும் பஞ்சமும் மீண்டும் நோயும் தொடர, நூற்றாண்டின் தொடக்கத்தில் 40,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்நகரத்தில் 1635-இல் ஏறத்தாழ 16,000 பேரே எஞ்சியிருந்தனர்.

விலகிச் செல்வது தகுமா என்னும் கேள்வியை அக்காலத்தில் மிகத் தெளிவாக ஆராய்ந்த எழுத்து, நோய்க்கு நடுவிலேயே எழுதப்பட்டது. 1527 ஆகஸ்ட் மாதத்தில் விட்டன்பெர்க் நகரத்துக்குப் பிளேக் வந்தது. பல்கலைக்கழகம் யெனா நகரத்துக்கு மாற்றப்பட்டது. பேராசிரியராகவும் போதகராகவும் இருந்த மார்ட்டின் லூதரையும் அங்கே போகும்படி நாட்டை ஆண்ட இளவரசர் பணித்தார். அவர் போகவில்லை. உடன் பணியாற்றிய போதகர் யோஹன்னஸ் பூகன்ஹாகனும் போகவில்லை. லூதரின் மனைவி காத்தரீனா அப்போது கருவுற்றிருந்தார். முன்பு துறவிகள் மடமாக இருந்த அவர்களுடைய பெரிய வீடு நோயாளிகள் தங்கும் இடமாயிற்று. பூகன்ஹாகனின் தங்கை, திருச்சபையின் உதவிப் போதகர் ஒருவரின் மனைவி; பிள்ளைப்பேற்றை ஒட்டி நோயுற்று இறந்தார். காத்தரீனாவுக்கு டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது. எலிசபெத் என்று பெயரிட்டார்கள். எட்டு மாதங்கள்கூட நிறையாமல் மறு ஆகஸ்டில் அக்குழந்தை மறைந்தது.

இச்சூழலில்தான் பிரெஸ்லாவ் நகரத்தின் போதகர்கள் கேட்டிருந்த ஒரு கேள்விக்கு லூதர் விடை எழுதினார். சாவு பரவும்போது ஓடிப்போகலாமா என்பதே கேள்வி. கடிதமாகத் தொடங்கிய விடை, ஒரு சிறுநூலாக அச்சேறிப் பல நகரங்களில் படிக்கப்பட்டது. சமயவாதி ஒருவரின் விடை "இருந்து சாகுங்கள்" என்பதாகவே இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர் அவ்வாறு எழுதவில்லை. உயிருக்கு அஞ்சுவது இயற்கை என்றும், அந்த அச்சம் இறைவனே வைத்தது என்றும் எழுதினார். வீடு பற்றியெரியும்போது உள்ளேயே அமர்ந்திருப்பவர் உண்டா? நீரில் விழுந்தவர் நீந்தாமல் இருப்பாரா? கால் முறிந்தவர் வைத்தியரை அழைக்காமல் இருப்பாரா? அப்படியே நோயிலிருந்து விலகுவதும் தன்னளவில் குற்றமாகாது என்றார்.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். உம்மை நம்பிப் படுத்திருப்பவர் ஒருவர் இருந்து, அவரைப் பார்த்துக்கொள்ள வேறு எவரும் இல்லையென்றால், நீர் போகக் கூடாது. பெற்றோர் பிள்ளைகளையும், பிள்ளைகள் பெற்றோரையும், முதலாளி வேலையாளையும், வேலையாள் முதலாளியையும் விட்டுச் செல்லலாகாது. நகர மருத்துவர், எழுத்தர், காவலர் போன்ற பொதுப்பணியாளர்கள், தகுதியுள்ள மாற்று ஆளை நிறுத்திய பிறகே போகலாம். போதிய பேர் இருக்குமிடத்தில் மற்றவர்கள் மனச்சான்று உறுத்தாமல் விலகலாம். அண்டை வீட்டாரைக் கவனிப்பாரின்றிச் சாகவிட்டுச் செல்வதை மட்டும் அவர் கொலைக்கு இணையாகக் கண்டார்.

அதே கடிதத்தின் மறுபாதியும் முக்கியமானது. துணிச்சல் என்ற பெயரில் நோயை விளையாட்டாக எடுத்துக்கொள்பவர்களை அவர் அதே கடுமையுடன் கண்டித்தார். மருந்து வேண்டாம் என்பவர்கள், நோயுள்ள வீட்டுக்குத் தேவையின்றிச் சென்று வருபவர்கள், தமக்கு நோய் இருப்பதை மறைத்துக்கொண்டு பிறரிடையே நடமாடுபவர்கள் ஆகிய எல்லோரும் பிறர் உயிருக்குப் பொறுப்பாளிகள் என்றார். மருந்து உட்கொள்ளுங்கள், வீட்டையும் தெருவையும் புகையிட்டுத் தூய்மை செய்யுங்கள், உங்கள் தேவை இல்லாத இடத்துக்கும் ஆளிடத்துக்கும் போகாதீர்கள் என்பது அவர் கூறியதன் சாரம். நகரம்தோறும் நல்ல மருத்துவமனைகளும் ஊழியரும் இருந்தால் எவ்வளவு நலம் என்றும், அவை இல்லாத இடத்தில் ஒருவருக்கொருவர் செவிலியராக இருப்பதைத் தவிர வழியில்லை என்றும் எழுதினார்.

லூதரை நாங்கள் எல்லாவற்றிலும் முன்மாதிரியாகக் காட்டவில்லை. 1543-இல் யூதர்களுக்கு எதிராக அவர் எழுதிய நூல் வெறுப்பின் உச்சம். எங்களுக்கு வேண்டியது இக்கடிதத்தின் தர்க்கம் மட்டுமே. அதில் கேள்வி "அன்பு இருக்கிறதா?" என்பதல்ல, "இந்த இடத்தில் உம்முடைய தேவை இருக்கிறதா?" என்பது. தொற்றுநோய்ப் பிரிவில் பார்வையாளர் விதிகளைப் பற்றி எழும் சண்டைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை என்று கருதுகிறோம். பத்துப் பேர் பழக்கூடையுடன் வந்து கட்டிலைச் சூழ்ந்து நிற்பது அன்புதான். ஆனால் அந்த அறையில் அவர்களுக்கு வேலை இல்லை. நோயாளிக்குக் கஞ்சி ஊட்டவும், கழிப்பறைக்குக் கைபிடித்து அழைத்துச் செல்லவும், இரவில் பயந்து விழிக்கும்போது பெயர் சொல்லி அழைக்கவும் ஓர் ஆள் தேவை. அந்த ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் விதி இருக்குமானால், அது தவறான விதி என்றே சொல்வோம். அவருக்கு முகக்கவசம் அணியவும் கை கழுவவும் கற்றுக்கொடுத்து உள்ளே அனுப்புவதே முறை. அதற்கும் இடமில்லாத அளவுக்கு நோய் கொடியதாக இருந்தால், அந்த ஒருவரின் வேலைகளை மருத்துவமனை ஊழியர் ஏற்றுச் செய்ய வேண்டும். ஒவ்வொரு நாளும் குடும்பத்தாரிடம் செய்தி சொல்லவும் வேண்டும்.

நகர ஆட்சியினர் செய்தவற்றுக்கு வருவோம். கொள்ளைநோய் வந்ததும் நகர மன்றங்கள் அச்சிட்ட ஆணைகளை வெளியிட்டன. பொதுக் குளியல் விடுதிகள் மூடப்பட்டன. பழைய துணிகளையும் படுக்கைகளையும் விற்பது தடை செய்யப்பட்டது. தெள்ளுப்பூச்சிகள் துணியில் ஒளிந்து பயணம் செய்யும் என்பதை அவர்கள் அறியார். ஆயினும் அத்தடை நல்ல தடையே. நூரம்பெர்க் மன்றம் 1518-இல் இடுகாடுகளை மதிலுக்கு வெளியே கொண்டுசென்றது. மதிலுக்கு வெளியே பெக்னிட்ஸ் ஆற்றோரத்தில் பிளேக் நோயாளிகளுக்கென்று ஒரு தனி மருத்துவ விடுதியும் அந்நகரத்துக்கு இருந்தது. நகரத்துக் குடிமகன் ஒருவர் விட்டுச் சென்ற அறக்கொடையால் தொடங்கி 1528-இல் நிறைவெய்திய கட்டடம் அது. பிளேக் காலத்துக்கென்று நாவிதர்களையும் பணிப்பெண்களையும் சம்பளம் பேசி அமர்த்துவது பல நகரங்களின் வழக்கம். அவர்கள் மற்றவர்களோடு கலந்து பழகக் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் சேரும்.

நோய் கண்ட வீடுகளுக்கு அடையாளமிட்டு, உள்ளிருப்பவர் வெளியேறாமல் அடைக்கும் வழக்கமும் பரவியிருந்தது. இங்கேதான் நன்மையும் கொடுமையும் பிரிகின்றன. அடைத்த வீட்டுக்கு வேளைதோறும் ரொட்டியும் தண்ணீரும் விறகும் வந்தால், அவ்வீட்டார் வாரக்கணக்கில் பொறுத்திருக்க முடியும். வரவில்லையென்றால் நோயில் பிழைத்தவரும் பசியில் சாவார். கையில் காசில்லாதவருக்கு நகரமே உணவளிக்க வேண்டும் என்பதை உணர்ந்த மன்றங்கள் இருந்தன, உணராதவையும் இருந்தன. அடைபட்டால் தொழில் போகும், அண்டை அயலார் ஒதுக்குவார்கள் என்று அஞ்சியவர்கள் நோயை மறைத்தார்கள். மறைத்ததால் நோய் பரவியது. மன்றங்கள் தண்டனையைக் கூட்டின. மேலும் மறைத்தார்கள்.

இருமலை மூன்று மாதம் மறைத்துவிட்டு, இரத்தம் வந்த பிறகு காசநோய்ப் பிரிவுக்கு வரும் தொழிலாளியைக் கடிந்துகொள்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் மறைத்தது அறியாமையால் மட்டுமன்று. வேலை போய்விடும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லுவார், மகளின் திருமணப் பேச்சு நின்றுவிடும் என்று கணக்கிட்டே மறைத்தார். அவரது கணக்கு பல வேளைகளில் சரியாகவும் இருக்கிறது. அதை மாற்றாமல் அவரை மட்டும் குறை கூறுவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை.

பவேரியாவின் மலையடிவாரத்தில் ஓபராமர்காவ் என்னும் சிற்றூர் உள்ளது. அது நகரமன்று, என்றாலும் அதன் கதையை விட்டுவிட மனமில்லை. சுற்றுப்புறமெங்கும் பிளேக் பரவிய காலத்தில் அவ்வூரார் வழிகளில் காவல் வைத்து, வெளியாரை உள்ளே விடாமல் நெடுநாள் தப்பித்திருந்தார்கள். 1632-இல் காஸ்பர் ஷிஸ்லர் என்னும் கூலித்தொழிலாளி, நோய் கண்ட பக்கத்து ஊரில் வேலை செய்துகொண்டிருந்தவர், திருவிழாவுக்கு மனைவி மக்களைப் பார்க்க ஆசைப்பட்டுக் காவலர் கண்ணில் படாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தார் என்று ஊர் மரபு கூறுகிறது. ஓரிரு நாளில் அவர் இறந்தார். அடுத்த ஓராண்டுக்குள் 80-க்கும் மேற்பட்டவர்களை அவ்வூர் இழந்தது. 1633-இல் ஊரார், நோய் நீங்கினால் பத்தாண்டுக்கு ஒருமுறை இயேசுவின் பாடுகளை நாடகமாக நடிப்போம் என்று நேர்ந்துகொண்டார்கள். மறு ஆண்டு தொடங்கிய அந்நாடகம் இன்றுவரை நடந்துவருகிறது. 2020-இல் நடக்க வேண்டியது, கோவிட் காரணமாக 2022-க்குத் தள்ளிவைக்கப்பட்டது.

ஷிஸ்லரைத் திட்டுவது எளிது. நாங்கள் திட்ட மாட்டோம். தம் பிள்ளைகளைப் பார்க்க வந்த தகப்பன் அவர். பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள் என்ற செய்தியையாவது அவருக்கு யாரேனும் எடுத்துச் சென்றிருந்தால், வேலியோரத்தில் தொலைவாக நின்று முகம் பார்க்க ஒரு ஏற்பாடு இருந்திருந்தால், அவர் இரவில் ஒளிந்து வந்திருக்க மாட்டாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. பின்வாசல் வழியாக, காவலருக்குக் கையில் ஏதோ கொடுத்து, முகக்கவசமின்றி உள்ளே நுழையும் உறவினரைப் பிடித்து வெளியேற்றும்போதும் இதே எண்ணம் வருகிறது. அவரை வெளியேற்றுவது சரி. அவருடைய தாயார் காலையில் இட்லி சாப்பிட்டாரா என்பதை அவருக்குச் சொல்ல எவரும் இல்லாமல் இருந்தது சரியன்று.

இனிச் சொல்வது கசப்பானது. கொள்ளைநோய்க் காலங்களில் நோயாளியைத் தொட்டுப் பணி செய்தவர்களே பலமுறை குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலேசியாவில் ஃபிராங்கன்ஷ்டைன் என்னும் ஊர் இருந்தது. இன்று அது போலந்தில், வேறு பெயரில் உள்ளது. 1606-இல் அங்கே பிளேக்கில் இரண்டாயிரம் பேர் அளவில் மாண்டனர். பிணங்களை எடுத்துப் புதைத்த வெட்டியான்கள்மீது பழி விழுந்தது. நஞ்சுப் பொடி செய்து கதவுகளில் தடவி நோயைப் பரப்பினார்கள் என்றார்கள். சித்திரவதையில் அவர்களிடம் "ஒப்புதல்" பெறப்பட்டது. அவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். ஊரார் எவரும் தொட அஞ்சிய பிணங்களைத் தொட்டதே அவர்களைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்பழி சுமத்தும் வழக்கம் வேரூன்றியிருந்தது. ஷ்ட்ராஸ்பர்க் நகரத்தில் 1349 பிப்ரவரி 14 அன்று நூற்றுக்கணக்கான யூதர்கள், கிணறுகளில் நஞ்சிட்டார்கள் என்று கூறி எரிக்கப்பட்டனர். பிளேக் அப்போது அந்நகரத்துக்குள் வந்திருக்கவே இல்லை.

தொற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் செவிலியருக்கு வாடகைக்கு வீடு தர மறுப்பதும், துப்புரவுப் பணியாளரின் குழந்தையோடு விளையாட வேண்டாம் என்று தம் குழந்தைக்குச் சொல்வதும் அந்தக் கொலைகளுக்கு ஈடாகா. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கோவிட் காலத்தில் பல ஊர்களில் இது நிகழ்ந்ததை நாம் அனைவரும் அறிவோம்.

இத்தகைய காலங்களைப் பற்றிப் பேசும்போது, தனியொருவராக நின்று தொண்டு செய்தவர்களைப் போற்றுவது வழக்கம். வெஸ்ட்ஃபாலியாவின் ஊன்னா நகரத்தில் 1597, 1598 ஆகிய ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தம் வீட்டுக்கருகே இருந்த கல்லறைத் தோட்டத்தில் நாள்தோறும் அடக்கங்களைக் கண்டவாறு வாழ்ந்த போதகர் பிலிப் நிக்கோலாய், ஆறுதல் நூல் ஒன்றை எழுதினார். 1599-இல் வெளிவந்த அந்நூலில் சேர்ந்த அவருடைய கீர்த்தனை ஒன்றைக் கொண்டுதான் நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் இசைமேதை பாக் தம் புகழ்பெற்ற இசைப்படைப்பு ஒன்றை அமைத்தார். சாக்சனியின் ஐலன்பர்க் நகரத்தில் 1637-இல் நடந்தது அதைவிடக் கொடிது. முப்பதாண்டுப் போரின் அகதிகளால் அந்நகரம் நிரம்பி வழிந்தது. உடனிருந்த போதகர்கள் இறந்தும் விலகியும் போன பின், மார்ட்டின் ரிங்கார்ட் என்பவர் 4,000-க்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார். ஒரே நாளில் நாற்பது, ஐம்பது அடக்கங்கள். அடக்கம் செய்யப்பட்டவர்களுள் அவருடைய மனைவியும் ஒருவர்.

ரிங்கார்டை வணங்குகிறோம். ஆனால் அவர் கதையை ஊக்கமூட்டும் கதையாகச் சொல்வதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. ஒரே மனிதர் நாலாயிரம் பேரைப் புதைக்க நேர்ந்த நகரம், ஏற்பாடுகள் அனைத்தும் குலைந்துபோன நகரம். அவருக்கு வேண்டியது புகழ்மாலையா, அல்லது இன்னும் மூன்று ஆட்களா? மருத்துவமனைகளில் இரவு பகலாகத் தனியே உடனிருக்கும் மகளைப் பார்த்து, "உன்னைப் போல் யாரம்மா பார்ப்பார்கள்!" என்று பாராட்டிவிட்டு, மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும் சகோதரர்களிடமும் இதையே கேட்க விரும்புகிறோம். அப்பாராட்டு பல வேளைகளில் வேலையை அவள் தலையிலேயே விட்டுவைப்பதற்கான வழியாக இருக்கிறது. அவள் காய்ச்சலில் விழுந்தால் அடுத்த கட்டிலில் கிடப்பவள் அவளேயன்றி வேறு யார்?

முன்னேற்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டைப் பெர்லின் தருகிறது. 1709-இல் கிழக்குப் பிரஷ்யாவில் பிளேக் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அங்கு கொன்றது. நோய் பெர்லினை அடையுமுன்பே, பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரெடெரிக்கின் ஆணைப்படி நகர மதிலுக்கு வெளியே ஒரு பிளேக் விடுதி 1710-இல் கட்டப்பட்டது. வடக்கே பிரென்ஸ்லாவ் வரை வந்த நோய் பெர்லினுக்குள் வரவில்லை. வீண் செலவு என்று அன்று சிலர் முணுமுணுத்திருக்கக் கூடும். அக்கட்டடம் ஏழைகளுக்கும் முதியோருக்கும் புகலிடமாயிற்று. 1727-இல் மருத்துவமனையாகி, அடுத்த மன்னரால் சாரிட்டே என்று பெயர் பெற்றது. பிரெஞ்சு மொழியில் ஈகை, அன்பு என்று பொருள்படும் சொல் அது. இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகளுள் ஒன்று.

குடும்பங்களும் தம் அளவில் இவ்வாறு முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள முடியும். நோயாளி சேர்க்கப்பட்ட முதல் நாளிலேயே, பகலில் யார், இரவில் யார், அவர்களால் முடியாத நாளில் யார் என்று உட்கார்ந்து பேசி எழுதி வைக்கலாம். அறுபது வயதைக் கடந்தவர்களையும் கருவுற்ற பெண்களையும் சர்க்கரை நோயுள்ளவர்களையும் தொற்றுநோய்ப் பிரிவில் துணைக்கு வைக்காதீர்கள். அவர்கள் தொலைபேசியில் பேசட்டும்; சமைத்து அனுப்பட்டும். உடனிருக்க ஆளே இல்லாத குடும்பம் என்றால் அதை வெட்கப்படாமல் செவிலியர் கண்காணிப்பாளரிடமோ சமூகப் பணியாளரிடமோ முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முதலில் கூறிய இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லாமல் முடிக்கக் கூடாது. நீங்கள் வீட்டுக்குப் போகலாம். குளித்து, உண்டு, உறங்கி வரலாம். உங்களுக்கே காய்ச்சல் என்றால் நோய் தீரும்வரை வராமலும் இருக்கலாம். நீங்கள் விலகும் நேரத்தில் அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் பொறுப்பேற்றிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஆகவே புறப்படுமுன் செவிலியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்: அடுத்து வருபவர் யார், எத்தனை மணிக்கு வருவார், அவர் வரும்வரை எந்த எண்ணில் உங்களை அழைக்கலாம். நோயாளிக்கு இடது காது கேட்காது என்றாலோ, இரவில் விளக்கை அணைத்தால் பயப்படுவார் என்றாலோ, மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால்தான் விழுங்குவார் என்றாலோ, அதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மருத்துவக் குறிப்பேட்டோடு சேர்த்து வையுங்கள். பின்பு நோயாளியிடமும், போய்விட்டு எப்போது வருவீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.